எங்கே விரல் வைப்பது என்று சொல்கிறார், ஏன் என்று சொல்வதில்லை: ஓர் ஆன்லைன் கிட்டார் வகுப்பு

வகுப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சந்தா கட்டிப் படிக்கும் ஆன்லைன் கிட்டார் வகுப்பு அது. கிட்டாரைப் பிடிப்பதில் தொடங்கி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), பார் கார்டு (ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல கம்பிகளை அழுத்துவது), பென்டடானிக் (ஐந்து சுர வரிசை), ஃபிங்கர் பிக்கிங் (கம்பிகளை விரல்களால் தனித்தனியாக மீட்டுவது) என்று போகிறது. நானும் என் மகளும் ஒரே கணக்கில், ஒரே கிட்டாரை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு நேரத்தில் படிக்கிறோம். பெயரை விடுவதற்குக் காரணம், நான் சொல்லப்போகும் குறை இவர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நான் பார்த்த இலவச வீடியோக்களிலும் இதே கதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். இரண்டு கேமரா, அதில் ஒன்று, நம் கையை நாம் குனிந்து பார்ப்பது போலவே மேலிருந்து காட்டுகிறது. சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். ஓர் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். ஆசிரியர் வளவளவென்று பேசுவதில்லை. விரல் நுனி எரிவது வழக்கம், மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். கூடவே வாசிக்கத் தரும் பேக்கிங் டிராக்குகளும் நன்றாக இருக்கின்றன. விரலைப் பழக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு சந்தா கட்டலாம்.

நான் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவள். ஒரு தொகை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக மனம் வராது. அந்தப் புத்திக்கு இந்த வகுப்பு ஒத்துவரவில்லை.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். (கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று முதல் ஆறு வரை எண்ணுவார்கள். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டம், ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் சுருதி ஒரு படி மாறும்.) இ மேஜர் கார்டு: ஐந்தாம் கம்பியிலும் நான்காம் கம்பியிலும் இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் கம்பியில் முதல் ஃப்ரெட், மற்றவை சும்மா, அதாவது அழுத்தாமல். அடுத்த வீடியோ இ மைனர். “இந்த ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துடுங்க, சோகமா மாறிடும்” என்கிறார். எடுத்தால் மாறுகிறது. அங்கேயே பாடம் முடிந்துவிடுகிறது. என் மகள் வீடியோவை நிறுத்திவிட்டு, “அந்த விரல் ஏன்மா? வேற விரலை எடுத்தா ஆகாதா?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அந்தக் கார்டில் ஆறு கம்பி ஒலித்தாலும் இருப்பது மூன்றே சுரங்கள்: இ, ஜி ஷார்ப், பி. இ மூன்று இடத்தில், பி இரண்டு இடத்தில். ஜி ஷார்ப் மட்டும் ஒரே இடத்தில், ஆள்காட்டி விரலுக்கு அடியில். இ-யிலிருந்து எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப் என்று எண்ணினால் நாலு ஃப்ரெட் தூரம். அந்த நாலு மூன்றானால் மேஜர் மைனராகிவிடும். அவ்வளவுதான் விஷயம். விரலை எடுத்ததும் அந்தக் கம்பி ஜி-யாகிறது, தூரம் மூன்றாகிறது.

இதை ஒருமுறை சொல்லியிருந்தால், பின்னால் வரும் ஏ மைனர், டி மைனர், எஃப் மைனர் வீடியோக்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஏ கார்டில் இரண்டாம் கம்பியில் இருக்கும் சி ஷார்ப்பை ஒரு ஃப்ரெட் இறக்கு. டி கார்டில் முதல் கம்பியில் இருக்கும் எஃப் ஷார்ப்பை இறக்கு. எஃப் பார் கார்டில் மூன்றாம் கம்பியை அழுத்தும் நடுவிரலை எடு. நான்கிலும் நடப்பது ஒன்றே.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். ஆரம்பப் பாடங்களில் சி மேஜர், ஜி மேஜர் உண்டு. சி மைனர், ஜி மைனர் மட்டும் ஏன் வருவதில்லை? சி கார்டில் இறக்க வேண்டிய இ இரண்டு இடத்தில் இருக்கிறது: நான்காம் கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், சும்மா ஒலிக்கும் முதல் கம்பியிலும். சும்மா இருக்கும் கம்பியை அதற்கும் கீழே எப்படி இறக்குவது? ஜி-யிலும் அதே தகராறு. அங்கே இரண்டாம் கம்பி பி-யாகச் சும்மா ஒலிக்கிறது. அதனால்தான் அந்த இரண்டையும் பார் கார்டு வரும்வரை தள்ளிப்போடுகிறார்கள். இதை யாரும் மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவே.

அடுத்து ட்யூனிங் பாடம். ஆறாம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் ஐந்தாம் கம்பியின் ஒலி. அங்கே ஐந்தாம் ஃப்ரெட்டில் நான்காம் கம்பி. அங்கிருந்து மூன்றாம் கம்பியும் அப்படியே. மூன்றாம் கம்பிக்கு வந்ததும், “இங்க மட்டும் நாலாவது ஃப்ரெட், ஞாபகம் வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறார். கிட்டாரின் மொத்த வடிவமும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு “இங்க மட்டும்” மேல்தான்.

எல்லா இடைவெளியும் ஐந்து ஃப்ரெட்டாக இருந்தால் ஐந்து இடைவெளிக்கு 25. ஓர் ஆக்டேவ், அதாவது அதே சுரம் மேலே மறுபடி வரும் தூரம், 12 ஃப்ரெட். இரண்டு ஆக்டேவ் என்பது 24. ஒன்று கூடிவிடுகிறது, முதல் கம்பி இ-யாக இல்லாமல் எஃப்-ஆகப் போய் நிற்கும், இரண்டாம் கம்பி சி-யாகும். அப்புறம் ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும் கார்டுகளைப் பிடிப்பது பெரும்பாடு. அப்படி ட்யூன் செய்து வாசிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நமக்குப் பழக்கமான கார்டு வடிவங்கள் அதில் வராது. ஆகவே ஓர் இடைவெளியில் ஒன்றைக் குறைத்துக் கணக்கை நேர் செய்திருக்கிறார்கள். ஆறாம் கம்பியும் முதல் கம்பியும் இரண்டும் இ.

இது தெரிந்த பிறகு இ, ஏ, டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இ கார்டில் ஆறாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பி வரை ஃப்ரெட் எண்கள்: 0, 2, 2, 1. அதை அப்படியே ஒரு கம்பி தள்ளி ஐந்தாம் கம்பியிலிருந்து வைத்தால், கடைசி விரல் இரண்டாம் கம்பியில் விழுகிறது. அது ஒரு ஃப்ரெட் குறைத்து ட்யூன் செய்த கம்பி. எனவே ஒன்றைக் கூட்டு. 0, 2, 2, 2. ஏ மேஜர்! இன்னும் ஒரு கம்பி தள்ளு: இப்போது இரண்டாம் கம்பியில் விழுவது மூன்றாவது எண், அதற்கு ஒன்று கூட்டு. 0, 2, 3, 2. டி மேஜர். மூன்று வெவ்வேறு வடிவம் என்று நாம் மனப்பாடம் செய்தது ஒரே வடிவம். பார்வைக்கு வேறாகத் தெரிவதற்கு அந்த ஒரு கம்பிதான் காரணம். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த அன்று நான் கிட்டாரைத் தொடவே இல்லை, ஆனால் வகுப்பில் சேர்ந்த பிறகு அதிகம் கற்றுக்கொண்ட நாள் அதுதான் என்பேன்.

பாட்டுப் பாடங்களுக்கு வருவோம். ஒரு பாட்டுக்கு “இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்க, ஜி, டி, இ மைனர், சி” என்று சொல்லித் தருகிறார்கள். கேப்போ என்பது எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கிளிப், அதனால் சுருதி மொத்தமாக ஏறும். நன்றாக வருகிறது. ஆனால் என் குரல் அந்த உயரத்துக்கு எட்டாது. என்ன செய்வது? கேப்போவை எடுத்தால் இரண்டு படி இறங்கும், அதற்கும் கீழே கேப்போவுக்கு இடமில்லை. பாடத்தில் இதற்கு வழி கிடையாது. “உங்க குரலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க” என்று ஒரு வரி மட்டும்.

எப்படி மாற்றுவது என்பதற்கு எண் போதும். ஜி ஸ்கேலில் (ஜி-யிலிருந்து தொடங்கும் ஏழு சுர வரிசையில்) ஜி ஒன்று என்றால் சி நாலு, டி ஐந்து, இ மைனர் ஆறு. பாட்டு 1, 5, 6, 4. இப்படி எண்ணால் கார்டுகளைக் குறிப்பது புதிதல்ல. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இசை நகரமான நாஷ்வில்லில் ஸ்டூடியோ பாடகரான நீல் மேத்யூஸ் ஜூனியர் தொடங்கிவைத்து, அங்கே ரெக்கார்டிங் கலைஞர்கள் இன்றுவரை பயன்படுத்தும் முறை. பாடுபவருக்கு எந்தச் சுருதி வேண்டுமோ அதை ஒன்று என்று வைத்துக்கொள்வார்கள், தாளில் எதையும் திருத்த வேண்டாம். எனக்குச் சௌகரியமானது எஃப். அதற்குச் சி வடிவங்களை எடுத்துக்கொண்டு, சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று வாசித்து, ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் முடிந்தது. டி வடிவங்கள் என்றால் மூன்றாம் ஃப்ரெட், ஆனால் அதில் பி மைனர் வந்து விரலை முறிக்கும். கேப்போ எதற்கு என்று சொல்லாமல் எங்கே என்று மட்டும் சொல்வதால், நமக்கு அந்த ஒரு பாட்டு மட்டும்தான் தெரிகிறது.

நான் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். தியரி (இசை இலக்கணம்) தனித் தொகுதியாகக் கடைசியில் இருக்கிறது, அதைப் பாருங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். சுரங்களை ஐந்து கோட்டில் எழுதும் நொட்டேஷன், ஸ்கேல்களை வரிசையாக அடுக்கும் சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் வட்டம், எந்த ஸ்கேலுக்கு எத்தனை ஷார்ப் என்று காட்டும் கீ சிக்னேச்சர் அட்டவணை. எதிலும் தப்பில்லை. ஆனால் அந்தத் தொகுதி முழுவதிலும் கிட்டாரே கண்ணில் படவில்லை. ஏ மேஜருக்கு எத்தனை ஷார்ப் என்று வினாடி வினா கேட்கிறது. மூன்று என்று டிக் அடிக்கிறோம். அதில் ஒன்றான சி ஷார்ப் ஏ கார்டில் நாம் தினமும் இரண்டாம் கம்பியில் அழுத்தும் சுரம்தான் என்று சொல்ல ஆளில்லை. இந்தத் தொகுதியைத் துண்டு துண்டாக வெட்டி, விரல் கம்பியில் இருக்கும் நேரத்தில், அந்தந்தப் பாடத்திலேயே இரண்டு நிமிடம் செருகியிருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். கூடுதலாக வீடியோ எடுக்கச் சொல்லவில்லை.

“தியரி எதுக்கு? பெரிய பெரிய ஆளுங்களே நொட்டேஷன் தெரியாம வாசிச்சிருக்காங்க” என்று ஒரு பேச்சு உண்டு. ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரிக்கு நொட்டேஷன் படிக்கத் தெரியாது, உண்மை. ஆனால் எந்தக் கார்டின் மேல் எந்தச் சுரம் என்ன செய்யும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. கோடு படிப்பது வேறு, இது வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

பென்டடானிக் பாடத்தில்தான் அந்த வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ மைனர் பென்டடானிக் பெட்டியை (அந்தச் சுரங்களுக்கு விரல் வைக்கும் இடங்களின் கட்டத்தை) காட்டிவிட்டு, “இதுக்குள்ள எதை வாசிச்சாலும் தப்பா வராது” என்கிறார். தப்பாக வராது, சரி. உருப்படியாகவும் வராது. மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்போம். பேக்கிங் டிராக் ஏ மைனர், எஃப், சி, ஜி என்று போகிறது. பெட்டியில் இருப்பவை ஏ, சி, டி, இ, ஜி. எஃப் வரும்போது ஏ-யிலோ சி-யிலோ போய் நின்றால் அந்தக் கார்டோடு ஒட்டும். ஜி வரும்போது ஜி அல்லது டி. ஜி கார்டின் மேல் சி-யில் நின்றால் தொங்கும். பி-க்கு இறங்கத் துடிக்கும். அந்த பி பெட்டிக்குள் இல்லை, மூன்றாம் கம்பியில் பெட்டிக்கு ஒரு ஃப்ரெட் வெளியே இருக்கிறது. அங்கே ஒருமுறை எட்டி வைத்துப் பாருங்கள், காது தானாகவே சரி என்று சொல்லும். இவ்வளவையும் டிராக்கின் திரையில் கார்டு பெயருக்குக் கீழே மூன்று எழுத்தாகப் போட்டிருக்கலாம். இப்போது அங்கே ஒரு சூரிய அஸ்தமனப் படம் ஓடுகிறது.

சந்தாவை நீட்டித்திருக்கிறேன், பேக்கிங் டிராக்குக்காகவும் மகளுக்காகவும். அவள் ஃபிங்கர் பிக்கிங் பகுதிக்குப் போய்விட்டாள். அங்கே சி கார்டுக்குக் கட்டை விரல் 5, 4, 6, 4 என்ற கம்பி வரிசையில் போக வேண்டுமாம். ஆறாம் கம்பி வரும்போது மோதிர விரலை அதன் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்த வேண்டுமாம். டி கார்டுக்கு மட்டும் நான்காம் கம்பியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். ஏன் என்று வழக்கம்போல் இல்லை. சி வடிவத்தில் ஐந்தாம் கம்பி சி, நான்காம் கம்பி இ, ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி. கார்டின் மூன்று சுரங்களும் பேஸில், அதாவது கீழ்ச் சுருதியில், வந்துவிடுகின்றன. டி-க்குத் தன் பெயர்ச் சுரம் சும்மா கிடைப்பது நான்காம் கம்பியில். இந்த முறை அவள் என்னிடம் கேட்கவில்லை. டேபின் (கம்பியையும் ஃப்ரெட்டையும் எண்ணால் காட்டும் தாளின்) ஓரத்தில் பென்சிலால் அவளே எழுதி வைத்திருந்தாள்.