திருகோணமலைக் கடல்: எந்த மாதம், எந்தக் கரை

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எந்த பீச் நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த மாதம் வாறீங்கள்?" திருகோணமலையில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே படிப்பித்து, ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டேன். இந்த ஊரில் நான் இறங்கிக் குளிக்காத கரை குறைவு. இவ்வளவு காலப் பழக்கத்துக்குப் பிறகு என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிவது, காற்றுக்கு மறைவாக இருக்கும் கரைதான் அன்றைக்கு நல்ல கரை என்பது. அந்த மறைவான கரை மாதத்துக்கு மாதம் மாறும்.

ஊரின் அமைப்புத் தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். நகரம் ஒரு சிறு குடாநாட்டின் மேல் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஒரு பக்கம் பின்குடா, மறுபக்கம் டச்பே. மேற்கே மலைகள் சூழ்ந்த உட்துறைமுகம். தெற்கே கொட்டியாரக்குடா, அதன் அக்கரையில் மூதூர்.

கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து நேரே வந்து கரையில் மோதும். எங்களுக்குப் பெருமழையும் அப்போதுதான். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக்குடாவில் விழுவதால், வெள்ள காலத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் மண் நிறமாகிவிடும். அலை கரை மணலை அரித்துக்கொண்டு போய், கோடையில் மெல்லக் கொண்டுவந்து போடும். மாசி, பங்குனியில் கடல் அடங்கத் தொடங்கும். சித்திரையில் கண்ணாடி. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று. தென்மேற்குப் பருவமழை மலைநாட்டிலேயே பெய்து முடிந்துவிட, ஈரம் போன வெறும் காற்றாக அது எங்கள் பக்கம் இறங்கும். வீட்டுக்குள் இருக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆனால் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. பகல் முழுக்க வெந்துவிட்டு அந்தத் தண்ணீருக்குள் கழுத்து வரை இறங்கி நிற்கும் சுகத்துக்காகவே நான் ஆடி மாதத்தில் வேறு ஊருக்குப் போவதில்லை.

என் அம்மப்பா கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையிலிருந்து இழுக்கும் பெருவலையின் சொந்தக்காரர். விடியற்காலையில் முற்றத்தில் நின்று காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்த பிறகுதான் வலை வளைக்கப் போவார். இங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் பெருக்கு, வற்றுப் பார்த்துக் குளிக்கப் போகத் தேவையில்லை, காற்றைப் பார்த்தால் போதும். அம்மப்பாவிடம் நான் படித்த முதல் பாடம் அதுதான்.

சரி, கரைகளுக்கு வருவோம். நகரிலிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீற்றரில் உப்புவெளி. என் அன்றாடக் கடல் இதுதான். தரை மெல்ல மெல்லச் சரியும், காலடியில் கல் இல்லை, நீந்தத் தெரியாத பெரியவர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நிம்மதியாக நிற்கலாம். பங்குனி முதல் புரட்டாதி வரை முழு மனதோடு சிபாரிசு செய்வேன். குறை என்றால் இரண்டு. ஒன்று, குளிக்கிறவர்களுக்கு நடுவால் வேகமாக ஓடும் படகுகள். இதற்குக் கயிறு கட்டி எல்லை போட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். மற்றது குப்பை. சனி, ஞாயிறு கழிந்த காலையில் பிளாஸ்டிக் போத்தல் மிதிக்காமல் நடக்க முடியாது. போகும் வழியில் வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. புல் வெட்டி, பெயர்க்கற்களைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னும் வடக்கே நிலாவெளி. போர்க் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவதை நினைக்கவே முடியாது. கொஞ்சம் அமைதி வந்த நேரத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. அன்று அந்தக் கரை பட்டதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் நிலாவெளி மறுபடி எங்களுக்குக் கிடைத்தது. வெண்மணல், அகலமான கரை, உப்புவெளியைவிடச் சனம் குறைவு. நீண்ட நடைக்கு இதைவிட நல்ல கரை மாவட்டத்தில் இல்லை என்பது என் முடிவு.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் கடலுக்குள் புறாமலைத் தீவு. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடமாக இருந்தது, 2003இல் தேசியப் பூங்காவானது. 1998இல் கடல் சூடாகி, தெற்கிலும் மேற்கிலும் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கம் பெருமளவு தப்பியது. அப்படித் தப்பிய பவளத்தை மனிதக் கால்கள் உடைப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. இடுப்பளவுத் தண்ணீரிலேயே பாறை தொடங்கிவிடுவதால், முகமூடிக்குள் தண்ணீர் வந்தவுடன் எல்லாரும் அதன்மேல் ஏறி நின்றுவிடுகிறார்கள். கல்லாகத் தெரிவது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். நம் குதிகால் ஒரு நொடியில் உடைப்பது வளர்ந்து வர ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் காலம் ஆகலாம். நீந்தத் தெரியாவிட்டால் மிதவை அங்கி போட்டுக்கொண்டு மிதந்தபடியே பாருங்கள், எல்லாம் தெரியும். கிளிமீன், பட்டாம்பூச்சிமீன், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும் வரும். அவற்றுக்குத் தீனி காட்டாமல், துரத்தாமல் இருந்தால் அவையாகவே விலகிப் போய்விடும். வெயிலுக்கு உடம்பில் கிரீம் பூசுவதற்குப் பதில் கை நீண்ட சட்டை போடுங்கள், முதுகும் தப்பும், பவளமும் தப்பும்.

புறாமலைக்கு நேரம் முக்கியம். எனக்குப் பழக்கமான படகோட்டித் தம்பி ஒருவர் இருக்கிறார். காலை ஏழு மணிக்கே, "ரீச்சர், இப்பவே ஏறுங்கோ, பத்து மணிக்குப் பிறகு காத்து எழும்பிடும்" என்று அவசரப்படுத்துவார். அவர் சொல்வது முழுக்கச் சரி. காலையில் அடி வரை தெரியும் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் கலங்கிவிடும், சனமும் கூடிவிடும்.

கச்சான் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். அலை இல்லாத கடலைப் பார்த்துப் பிள்ளைகளைக் காற்றடித்த ரியூப்பிலோ மெத்தையிலோ விட்டுவிடுகிறார்கள். காற்று கடலை நோக்கி வீசுகிறது. மெத்தை நகர்வது முதலில் தெரியாது, தெரியும்போது நீந்திப் பிடிக்க முடியாத தூரத்துக்குப் போயிருக்கும். அந்த மாதங்களில் மிதப்பது எதுவானாலும் அதில் கயிறு கட்டி, மறுமுனை ஒரு பெரியவரின் கையில் இருக்க வேண்டும். வாடையில் ஆபத்து வேறு மாதிரி. அலை நேரே அடித்து, திரும்பும் தண்ணீர் ஒரு ஒடுங்கிய வழியால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாக நீந்தி அந்த இழுவையை விட்டு விலக வேண்டும். என்னிடம் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

டச்பே குளிக்கிற கரை அல்ல, உட்கார்ந்திருக்கிற கரை. பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் ஊரே அங்கேதான். மான்கள் பயமில்லாமல் ஆட்களுக்கு நடுவில் நடக்கும். பாவம், அவையும் பொலித்தீனைத் தின்கின்றன. அங்கிருந்து பிரெட்ரிக் கோட்டை வழியாகச் சுவாமி மலைக்கு ஏறினால், பங்குனிக்குப் பிறகு சில நாள் திமிங்கிலம் மூச்சு விடுவது மலையிலிருந்தே தெரியும். கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால் நடுக்கடலின் ஆழம் எங்கள் வாசலிலேயே இருக்கிறது. நீலத் திமிங்கிலமே இவ்வளவு கிட்ட வருவது அதனால்தான். படகில் போய்ப் பார்ப்பதானால், விலங்கைத் துரத்தாத படகோட்டியைத் தேடிப் பிடியுங்கள். மலையில் நின்று பார்ப்பதே எனக்கு அதிகம் பிடிக்கும்.

சீனக்குடாப் பக்கத்து மார்பிள் பீச் விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது, டிக்கெட் எடுத்துத்தான் போக வேண்டும். கடல் நமக்குச் சொந்தம்தானே, அதற்கு ஏன் காசு என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கும் அந்த மனக்குறை உண்டு. ஆனால் சுத்தமும் பாதுகாப்பும் மற்றக் கரைகளைவிட நன்றாக இருப்பதை மறுக்க முடியாது. திறந்த கடலுக்கு மறைவாக, இரு பக்கமும் காடு வளர்ந்த மேட்டு நிலத்துக்கு நடுவில் இருப்பதால் மற்ற இடங்கள் கொந்தளிக்கும் நாளிலும் இது அடங்கிக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு என் முதல் தெரிவு.

மழை விடாத நாட்களில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாம். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. நாற்பது கிலோமீற்றர் போகத் தயாரென்றால் கந்தளாய்க் குளம். மார்கழியில் நிரம்பி நிற்கும்போது அதுவும் கடல்தான். 1986 சித்திரையில் அதன் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர் போனதை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. குளத்தில் முதலை இருக்கலாம், ஆகையால் குளக்கட்டில் நின்று பார்ப்பதோடு சரி.

இனிச் சுருக்கமாகத் திட்டம். ஆடியில் வருபவர்கள் காலையில் புறாமலை, பின்னேரம் உப்புவெளி. சித்திரை விடுமுறையில் எந்தக் கரையும் சரி, ஆனால் இடம் முன்பே பதிந்துவிடுங்கள். மார்கழி, தையில் வருபவர்கள் உப்புவெளியில் தங்கினாலும், குளிக்க மார்பிள் பீச்சுக்குப் போங்கள்.