மழை விட்ட அரை மணி நேரம்: நான்கு ஆண்டுகளாக என் மேக்ரோ லென்ஸ்

சின்னவற்றை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்றைப் பழையதாக 1,100 வெள்ளிக்கு வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதில் எடுத்தவற்றுள் எனக்குப் பிடித்த படங்கள் எல்லாம் மழை விட்டு அரை மணி நேரத்துக்குள், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எடுத்தவைதான்.

இங்கே பிற்பகலில் செம்பனைக்கு மேல் வானம் கறுத்தால் இடியோடுதான் மழை வரும். இடி முழுசாக ஓயும் வரை வெளியே இறங்கவே மாட்டேன். தூறல் மட்டும் மிஞ்சும்போது போனால், வெயிலில் கிட்டவே நெருங்க விடாத தும்பி ஈர இறக்கையோடு செம்பருத்திக் காம்பைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருண்டு நிற்கும்; இலைமேலுள்ள நுண்ணிய மெழுகுப் படலம் செய்கிற வேலை அது. இலை நுனியில் தொங்கும் துளியோ தானே ஒரு லென்ஸ். பின்னால் இருக்கும் செம்பருத்தி அதற்குள் தலைகீழாகத் தெரியும். ஃபோகஸைத் துளியின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தெரியும் பூவில் வைக்க வேண்டும். இது கைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

1:1 அளவில், அதாவது பூச்சி கேமரா சென்சரில் அதன் உண்மை அளவிலேயே பதியும்போது, லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அதை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்து உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து எடுப்பதே எனக்குச் சரிவருகிறது.

லென்ஸைவிட ஃபிளாஷ்தான் முக்கியம் என்பது என் முடிவு. மழை மேகத்தில் வெளிச்சம் போதாது. ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அது மின்னி அடங்க நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். சொட்டும் துளிகூட உறைந்து நிற்கும். ஒளியை மென்மையாக்க ஃபிளாஷில் மாட்டிய துணி டிஃப்யூசர் நனைந்து தொங்கிவிட்டது. அப்புறம் வெள்ளை பிளாஸ்டிக் பால் புட்டியை வெட்டி மாட்டினேன், இன்றுவரை அதுதான். ஒளி மென்மையாக விழுகிறது, நனைந்தால் துடைத்தால் போதும்.

கறிவேப்பிலைச் செடிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பறவை எச்சம்போல ஒட்டியிருக்கும் அழகி வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டும். “அந்தக் கிளையில மட்டும் பறிக்காதீங்கம்மா” என்று கேட்டுக்கொண்டேன். அம்மா இரண்டு வாரம் குழம்புக்குப் பாசாரில் இலை வாங்கினார்.

இரண்டாம் ஆண்டில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்தது. ஈரத்தோடு பையில் வைத்து அலமாரியில் பூட்டியது என் தவறு. சுத்தம் செய்ய 180 வெள்ளி ஆயிற்று. ஓரத்தில் ஒரு கறை இன்னும் இருக்கிறது. இப்போது துடைத்து, மின்விசிறியில் உலர்த்தி, ஈரப்பதம் 45 சதவீதத்தில் இருக்கும் டிரை பாக்ஸில் வைக்கிறேன். நம் ஊரில் லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பெட்டிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.