கூந்தன்குளத்துக்குப் பங்குனியில் போங்கள்

வேடந்தாங்கல் அளவுக்குக் கூந்தன்குளத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், பிறகு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அப்படியும் நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை காலை குளக்கரையில் எங்களைத் தவிர நாலைந்து பேர்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் பறவை பார்க்கும் கோபுரம் ஏறாமல் ஊருக்குள் நடந்தோம். அதுவே நல்லதாகப் போயிற்று. இங்கே பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. தெருவில் இருக்கும் வேம்பிலும் புளியிலும் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன, வீட்டு முற்றத்து மரத்தைக்கூட விடவில்லை. ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். தலைக்கு மேலே கூடு, கீழே முற்றமெல்லாம் வெள்ளை வெள்ளையாக எச்சம். "துணி பாழாகாதா ஆச்சி?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் காயப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றார். இந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம்.

பதினொரு மணி வெயிலில் அந்தக் கூட்டைப் பார்த்தபடியே இருந்தேன். தாய் நாரை இறக்கையை அகல விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து இறங்கி, அலகிலிருந்து தண்ணீரைக் குஞ்சுகள் மேல் ஒழுக விட்டது. மூன்று குஞ்சும் கழுத்தை நீட்டிக் குடித்தன. பைனாகுலரே தேவைப்படவில்லை, நாரையின் இறக்கை ஓரத்து ரோஜா நிறம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அம்மா அரை மணி நேரம் பேசவே இல்லை.

அப்புறம் குளக்கரைக்கும் போனோம். கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் இருந்தன. தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்ததால் சேற்றில் இரை தேடுவதை நன்றாகப் பார்க்க முடிந்தது.

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போவது நல்லது. மரத்தடியில் நிற்கக் குடை கட்டாயம் வேண்டும். முற்றத்துக்குள் போகும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கூட்டுக்குக் கீழே சத்தம் போடாதீர்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துதான் வேண்டும் என்றால் தை மாதமே போய்விடுங்கள். குஞ்சுகளைப் பார்க்கப் பங்குனிதான் சரி.