310 தரம் என்று சொல்லித் தந்த துளைத்தட்டு: பெலட் அடுப்பு வைத்திருப்போர் கவனத்திற்கு

கொட்டாஞ்சேனையில் நாங்கள் நடத்தும் பேக்கரியின் போறணைக்கு, 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டுக்குப் பின்னர் வாங்கிய பெலட் அடுப்பே சூடு கொடுக்கிறது. அதில் பெலட்டுகள், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள், நின்றெரியும் துளைத்தட்டு வளைந்துவிட்டதால், பஞ்சிகாவத்தைப் பக்கமுள்ள ஒரு பட்டறையில் புதிய தட்டொன்றைச் செய்யக் கொடுத்தோம். 310 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று உறுதி கூறியவர்கள், அத்தரத்துக்குரிய விலையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, காந்தம் ஒட்டாததையே அதற்கு அத்தாட்சியாகக் காட்டினார்கள்.

சில வாரங்களிலேயே தட்டு செதில் செதிலாக உரிந்து, துளைகள் அகன்று, எரியாத பெலட்டுகள் சாம்பலோடு கீழே விழத் தொடங்கின. கேட்கப் போனபோது, "நெருப்பில் வைத்தால் எந்த இரும்பும் போகத்தானே செய்யும், ஐயா" என்றார்கள். அது பாதி உண்மைகூட அல்ல. விசிறி கீழிருந்து காற்றை ஊதும்போது தட்டு செந்நிறமாகக் காய்கிறது. அதாவது 600 பாகை செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. சாதாரண இரும்பு அந்தச் சூட்டில் வேகமாக உரியும். 310 தரத்திலோ ஏறத்தாழ 25 சதவீதம் குரோமியமும் 20 சதவீதம் நிக்கலும் இருப்பதால், மேற்பரப்பில் உருவாகும் குரோமியம் ஒட்சைட்டுப் படலம் 1000 பாகையளவிலும் உலோகத்தைக் காக்கும்.

பழைய உலோகம் வாங்கும் ஒருவரிடமிருந்த, உலோகக் கலவையைக் காட்டும் கையடக்க எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தபோது நிக்கல் மிகக் குறைவாகவும் மாங்கனீஸ் மிக அதிகமாகவும் காட்டியது. அது 201 தரம். பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும், விலையைக் குறைப்பதற்காக நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீஸ் சேர்த்த உலோகம். 201, பாத்திரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 304, 310 ஆகிய மூன்று தரங்களிலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது என்பதால், அவர்கள் காட்டிய அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. கடைகளில் கிடைக்கும் சோதனைத் திரவம் மாங்கனீஸ் மிகுந்த 201ஐக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 304ஐயும் 310ஐயும் பிரித்தறிய அது போதாது. போதாக்குறைக்கு, வெல்டிங் ஒட்டுகளைச் சாதாரண இரும்பு வெல்டிங் குச்சியால் வைத்திருந்தார்கள். முதலில் வெடித்தவை அவைதாம்.

நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டை மலிவாக எடுத்துத் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால் அறவே வேண்டாம். நாகம் 420 பாகையிலேயே உருகும், அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும், நமக்கோ மேலே வேகுவது பாண்.

பற்றுச்சீட்டில் "ஸ்டீல் தட்டு" என்று மட்டும் எழுதித் தந்த அதே பட்டறை, இப்போது தரம் பற்றிப் பேசவேயில்லை என்று சாதிக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம். இம்முறை தகட்டை உலோகத்தின் தரத்தையும் கலவையையும் காட்டும் ஆலைச் சான்றிதழின் பிரதியுடன் நாங்களே வாங்கி, 310 குச்சியாலேயே ஒட்டச் சொல்லி, சூட்டில் விரிவதற்கு ஓரங்களில் இடைவெளி விடுமாறும் எழுதிக் கொடுத்து, வேறொரு பட்டறையில் ஒப்படைத்திருக்கிறோம்.