ஸ்மோக்கர் ஃபயர்பாக்ஸுக்கு மேல்கல் வைக்கக் கொடுத்து ஏமாந்த கதை: ஓரத்தை மட்டும் அளக்காதீர்கள்

வீட்டிலேயே ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பு) செய்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். அதன் பக்கவாட்டில் நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸின் மேல்தகடு எப்படியும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதை வெட்டி எடுத்துவிட்டுத் தடிமனான இரும்புக் கல் ஒன்றைப் போட்டால் உள்ளே புகை, மேலே சுடுகல் என்று ஒரே நெருப்பில் இரண்டு வேலை ஆகுமே என்று. எனக்கும் வந்தது. வெட்டுவது நானே செய்வேன், வெல்டிங்தான் கை நேராக வராது. அதனால் ஃபயர்பாக்ஸைக் கழற்றி ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சொன்னது மூன்றே விஷயம்தான். 60க்கு 45 சென்டிமீட்டர், 6 மில்லிமீட்டர் எம்எஸ் (பூச்சில்லாத சாதாரண இரும்பு) தகடு, சட்டத்தின் மேல் சும்மா உட்கார வேண்டும், வெல்டிங் வைத்து ஒட்டக்கூடாது. "சும்மா வச்சா ஆடும் சார், நான் சுத்தி ஒட்டியே குடுத்துடறேன், ஸ்ட்ராங்கா நிக்கும்" என்றார் பட்டறைக்காரர். வேண்டாம் என்று சொன்னேன், தலையாட்டினார். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்திருந்தேன், அது என் முட்டாள்தனம்.

திரும்ப வாங்கப் போனபோது நாலு பக்கமும் ஒட்டி, பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். ஒட்டியது பிடிக்கவில்லை, ஆனாலும் ஓரத்தில் காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன், சரியாக 6 காட்டியது. சரி, தொலையட்டும் என்று எடுத்து வந்துவிட்டேன்.

முதல் நாள் நெருப்பு போட்டு அரை மணி நேரம் இருக்கும், "டங்" என்று ஒரு சத்தம். பார்த்தால் கல் நடுவில் குடை மாதிரி எழும்பி நிற்கிறது. எண்ணெய் விட்டால் நாலு மூலைக்கும் ஓடுகிறது. பெயிண்ட் கொப்புளித்து நாற்றம். ஒரு மூலையில் வெல்டிங் விட்டுப்போய், ஸ்மோக்கருக்குள் போக வேண்டிய புகை அந்த விரிசல் வழியாக முகத்தில் அடிக்கிறது. ஸ்மோக்கர் உள்ளே 110 டிகிரி எதிர்பார்த்த இடத்தில் 90ஐத் தாண்டவே இல்லை.

ஆறியதும் சுரண்டினேன். பெயிண்ட்டுக்கு அடியில் பனிப்பூ மாதிரி மினுமினுப்பு. ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு! நெருப்புப் பக்கம் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காது, 419 டிகிரியில் துத்தநாகமே உருகிவிடும். ஃபயர்பாக்ஸுக்கு உள்ளே அந்தச் சூடெல்லாம் சாதாரணம். அதன் மேல் வைத்துச் சமைத்துச் சாப்பிட இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ஒட்டியவருக்கும் அது நல்லதில்லை. ஜிஐ மேல் வெல்டிங் வைக்கும்போது வரும் வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைத்துவிடும்.

அறுத்து எடுத்த பிறகுதான் மீதிக் கதை தெரிந்தது. தகடு வெறும் 3 மில்லிமீட்டர். ஓரத்துக்கு அடியில் மட்டும் சுற்றிலும் இன்னொரு 3 மில்லிமீட்டர் பட்டையை ஒட்டி, சந்து தெரியாமல் கிரைண்டர் போட்டு, மேலே பெயிண்ட். காலிப்பர் எட்டுகிற இடம் ஓரம்தானே! இந்த அளவில் 6 மில்லிமீட்டர் இரும்பு என்றால் தகடு மட்டுமே பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். இது பட்டையோடு சேர்த்தே எட்டுக் கிலோ வரவில்லை. ஃபயர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கியதால் கைக்குத் தெரியவில்லை.

போய்க் கேட்டதற்கு, "நெருப்பு ஜாஸ்தியா போட்டிருப்பீங்க சார்" என்றார். ஃபயர்பாக்ஸில் நெருப்பைப் போடாமல் வேறு எதைப் போடுவது?

கொடுக்கப் போகிறவர்கள், தகட்டை ஒட்டும் முன்னால், பெயிண்ட் இல்லாமல் தனியாக எடை போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, வருவதை 7850ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். காந்தம் வைத்துப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், ஜிஐ மேலும் காந்தம் ஒட்டும், அதனால் பிரயோஜனம் இல்லை. பெயிண்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழக்குவதுதான் பூச்சு. சுற்றி ஒட்டவும் விடாதீர்கள். 60 சென்டிமீட்டர் இரும்பு 300 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே நீளும், நாலு பக்கமும் கட்டிப்போட்டால் அதற்கு எழும்புவதைத் தவிர வழியில்லை.

இப்போது ஆங்கிள் சட்டத்தில் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கீழே அடுப்புக் கதவுக்குப் போடும் கண்ணாடியிழைக் கயிறு வைத்து, நிஜமான 6 மில்லிமீட்டர் தகட்டைச் சும்மா உட்கார வைத்திருக்கிறேன். அது வேறு ஒருவர் வெட்டிக் கொடுத்தது, தராசில் வைத்துத்தான் வாங்கினேன். ஆடவில்லை. பழைய பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், போன் மட்டும் எடுப்பதில்லை.