மாசாய் ஊருக்கு விருந்தாளியாக: எந்த வழி நல்லது?

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வாயிலை ஒட்டியுள்ள கலாசார மன்யாட்டாக்களில்தான், அதாவது சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் குடியிருப்புகளில்தான், மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களைப் பார்க்கிறார்கள். சிவப்பு ஷூக்கா போர்த்திய இளைஞர்கள் நின்ற இடத்திலேயே உயர உயரக் குதித்து அடுமு ஆடுவார்கள். பெண்கள் சாணம் பூசிக் கட்டிய வீட்டுக்குள் குனிந்து நுழையலாம். அப்புறம் பாசிமணிக் கடை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த மக்களின் வரவேற்பில் எனக்குக் குறையே இல்லை. கட்டணம் போகும் பாதைதான் உறுத்துகிறது. எந்த மன்யாட்டாவுக்கு வண்டியைத் திருப்புவது என்பது ஓட்டுநர் கையில் இருப்பதால், நுழைவுப் பணத்தில் பெரும்பங்கை ஓட்டுநர்களே எடுத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. எதிர்த்துக் கேட்டால் நாளைக்கு வண்டி பக்கத்து மன்யாட்டாவுக்குப் போய்விடும். ஆகவே இங்கே போனால் கட்டணத்தை ஊர்ப் பெரியவரிடமே கொடுங்கள். மாலையைக் கோத்த பெண்ணிடமே வாங்குங்கள்.

இரண்டாவது வழி, காப்பகத்துக்கு வெளியே உள்ள கன்சர்வன்சிகள், அதாவது வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கிய தனியார் நிலங்கள். பொது மேய்ச்சல் நிலம் தனிப் பட்டாக்களாகப் பிரிந்த பிறகு, பட்டாதாரர்கள் ஒன்றுசேர்ந்து நிலத்தைச் சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ஓல் கின்யேய் 2005-இல் வந்தது, நபோய்ஷோ 2010-இல். நபோய்ஷோவில் மட்டும் சுமார் 500 பட்டாதாரர்கள், ஏறத்தாழ 50,000 ஏக்கர். கூட்டம் குறைந்த மாதத்திலும் குத்தகை வரும் என்பதுதான் இதன் பலம். வறட்சியில் மாடுகள் சாகும்போது அந்தப் பணத்தில் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆனால் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கிறது. பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் குத்தகையில் பங்கில்லை, மேய்ச்சல் கட்டுப்பாடு மட்டும் அவர்களுக்கும் உண்டு. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. 2020-இல் கொரோனாவால் முகாம்கள் மூடியபோது, நிலையானது என்று நம்பிய குத்தகையும் பல இடங்களில் குறைந்துபோனது.

என் மனசு சாய்வது மூன்றாவது பக்கம்: கென்யாவிலேயே லைக்கிப்பியா பகுதியில் உள்ள இல் ங்வேசி. 1996-இல் திறந்த இந்தச் சிறிய விடுதி அந்த ஊர் மாசாய் மக்களுக்கே கூட்டாகச் சொந்தம். கட்டுவதற்குப் பக்கத்திலிருக்கும் லேவா கன்சர்வன்சி கைகொடுத்தது. லாபம் பள்ளி, தண்ணீர், மருத்துவம் என்று பொதுச் செலவுக்குப் போகிறது. வீட்டுக்கு வீடு ரொக்கம் வராது, அது உண்மைதான். ஆனால் விருந்தாளிக்கு எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை ஊரே தீர்மானிக்கிறது. மற்ற இரண்டிலும் இந்த உரிமை இவ்வளவு முழுசாக இல்லை.

சரி, அங்கே தங்க அவ்வளவு பணம் இல்லை என்பவர்களுக்கு? தான்சானியாவில், அருஷாவுக்கு வடக்கே நமங்கா சாலையில் லொங்கிடோ இருக்கிறது. 1990-களில் நெதர்லாந்து உதவியோடு தொடங்கிய கலாசாரச் சுற்றுலாத் திட்டத்தில் சேர்ந்த ஊர். உள்ளூர் மாசாய் வழிகாட்டியோடு மலையேறலாம், மாட்டுச் சந்தைக்குப் போகலாம். நடைப் பயணம்தான். வழியெங்கும் வேல மர முள் என்பதால் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.