"எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கப்பட்ட பனிச்சங்கிலி: டர்பன் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜூலை விடுமுறையில் சானி கணவாய் ஏறி லெசோத்தோ செல்லத் திட்டமிட்டிருக்கும் குடும்பங்கள், பனியில் வழுக்காமலிருக்க டயரைச் சுற்றிக் கட்டும் பனிச்சங்கிலி வாங்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு அதே பயணத்துக்காக நான் 3,400 ராண்ட் கொடுத்து வாங்கிய சங்கிலி ஒரு சக்கரத்தில்கூட ஒழுங்காக ஏறவில்லை. ஏற்ற முயன்றதில் வண்டியும் சேதமடைந்தது.

கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. டர்பனில் வண்டி உதிரிப்பாகங்கள் விற்கும் கடை அது. கவுண்டரில் இருந்தவர் "வாங்க அண்ணா" என்று அழைத்தார். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடைகளில் தமிழ் காதில் விழுவதே அபூர்வம் என்பதால், பாதி நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே வந்துவிட்டது. சங்கிலி இல்லாமல் குளிர்காலத்தில் மலைப்பாதைக்குப் போவது சட்டப்படி குற்றம், எல்லைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். 2024 செப்டம்பரில் பனி கொட்டி வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டதையும், வண்டிகளிலேயே மக்கள் இரவைக் கழித்ததையும் நினைவூட்டினார். குழந்தைகளோடு போகிறவன் இதற்குமேல் என்ன யோசிப்பான்?

ஆனால் தென்னாப்பிரிக்கச் சாலைச் சட்டத்தில் பனிச்சங்கிலி கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. சானியில் உண்மையாகவே திருப்பி அனுப்பப்படுவது நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டிதான். பனி அதிகமானால் நம் நாட்டில் சாலையையே மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் சங்கிலி கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசம் கிடையாது. வான் ரீனனில் சிக்கியவர்களுக்கும், முன்னும் பின்னும் லாரிகள் அடைத்து நின்ற நிலையில், சங்கிலியைவிடப் போர்வையும், தண்ணீரும், எரிபொருள் நிறைந்த டாங்கியுமே பயன்பட்டிருக்கும்.

கடைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பே, என் டபுள் கேப் பக்கியின் (பிக்கப் வண்டி) டயர் பக்கவாட்டைப் படமெடுத்து, சானி ஏறுவதற்கு என்ற குறிப்போடு அந்தக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். 265/65 ஆர்17 என்ற டயர் அளவு அதில் பளிச்சென்று தெரியும். "ஓகே அண்ணா, எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்பதுதான் அவருடைய பதில். சங்கிலி வந்த பெட்டியின் அடிப்புறத்தில், பொருந்தும் டயர் அளவுகளின் அட்டவணை ஒன்று சிறிய எழுத்தில் இருந்ததையும், அதில் என் டயர் அளவே இல்லாததையும் சானிக்குப் போகும் வழியில் ஹைம்வில் ஊரைத் தாண்டிய பிறகுதான் நான் பார்த்தேன். வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும்; அது என் தவறு.

எல்லைச் சாவடிக்கு அருகே காலை ஆறரை மணிக்கு, விரல்கள் மரத்துப்போன நிலையில், சங்கிலியை விரித்துப் பின்சக்கரத்தைச் சுற்றினோம். கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி. காற்றைக் குறைத்தும் எட்டவில்லை. என் மைத்துனர் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார், நானும் தடுக்கவில்லை. பனியே இல்லாத சரளைப் பாதையில் இருநூறு மீட்டர் போவதற்குள் கம்பி அறுந்து, சங்கிலி சவுக்கைப் போலச் சுழன்று சக்கர வளைவை அடித்தது. ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் துண்டாகி, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அப்போது மேலிருந்து இறங்கி வந்த சுற்றுலா வண்டி ஓட்டுநர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, மேலே பாதையை மூடிவிட்டார்கள் என்றார். பிறகு அவர் பொறுமையாகச் சொன்ன விஷயங்களை அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பனி சாலையை மூடியிருக்கும் இடத்தில்தான் சங்கிலி கட்ட வேண்டும், வெறும் தாரிலும் கல்லிலும் ஓட்டினால் சங்கிலியும் டயரும் கெடும், கட்டிய பின் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, எந்தச் சக்கரத்தில் கட்டுவது என்பதை வண்டியின் கையேடுதான் சொல்லும். சில வண்டிகளில் சக்கரத்துக்கும் உடற்பகுதிக்கும் நடுவே சங்கிலிக்கு இடமே இருக்காது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. சானியில் ஆபத்து, புதிதாகக் கொட்டும் பனியைவிட, உறைந்து இறுகிய கண்ணாடிப் பனிதான். சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால், தெற்கு நோக்கிய திருப்பங்களில் குளிர்காலத்தில் வெயில் சரியாக விழுவதில்லை. அங்குள்ள ஒரு திருப்பத்துக்கு 'ஐஸ் கார்னர்' என்ற பெயர் சும்மா வரவில்லை. தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் இதெல்லாம் அடங்கிவிடுவதால், புல்நுனியில் நிற்கும் டர்பன் பனியை மட்டுமே அறிந்த நாம் ஏமாறுவது எளிது.

சங்கிலியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. லெசோத்தோவின் பூத்தா பூத்தே நகரிலிருந்து மோட்டெங், மாஹ்லசேலா கணவாய்கள் வழியாக ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தலத்துக்குப் போகிறவர்கள் 3,200 மீட்டருக்கும் மேலே ஏறுகிறார்கள். அந்த வழிக்குச் சரியான அளவில் ஒரு ஜோடி வைத்திருப்பது நியாயமே.

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது "அண்ணா" மறைந்து "சார்" ஆகியிருந்தது. பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டது, ரசீதில் 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சிட்டிருக்கிறது என்றார். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம், 55ஆம் பிரிவுகளின்படி, இன்ன தேவைக்கு என்று விற்பவரிடம் குறிப்பாகச் சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாவிட்டால், கைக்கு வந்த 10 வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரசீது வாசகம் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அந்த வாட்ஸ்அப் படத்தையும் அவருடைய பதிலையும் அச்சிட்டு, கடிதத்தோடு ஐந்தாம் நாள் கொடுத்தேன். சங்கிலிக்கான பணம் மூன்று வாரத்தில் வந்தது. சென்சார் பழுதுக்கான செலவைத் தர மறுத்துவிட்டார்கள். அதற்கான புகார் இப்போது மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளரிடம் இருக்கிறது. போன வாரம் நண்பர் ஒருவர் அதே கடையில் எடுத்து அனுப்பிய படத்தில், அதே பெட்டி அதே அலமாரியில் இருக்கிறது. அட்டவணை அச்சிட்ட பக்கம் கீழே இருக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள்.